ஓம், பெயர் வைத்தது நான்தான்

நிரோஜா,

கோபம் ஆறிய பிறகு வாசி என்று சொல்ல மாட்டேன். கோபத்தோடேயே வாசி. போன ஞாயிற்றுக்கிழமை, டோகாவுக்குக் கொண்டுபோகும் பெட்டியில் பிள்ளையின் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய்: "எல்லாம் நீங்கள்தான் செய்தீங்கள் அப்பா. முதல் தூக்கினதும் நீங்கள், பேர் வைச்சதும் நீங்கள். நான் மரக்கட்டை மாதிரிக் கிடந்தனான். நானெல்லாம் என்ன அம்மா?" பதில் சொல்ல வாயெடுத்தேன். என் குரல் உனக்குத் தெரியும். துறைமுகத்து இழுவைப் படகுகளின் எஞ்சின் அறையில் கத்திக் கத்திக் கதைத்தே காலம் போனவன். அன்பாகச் சொன்னாலும் அதட்டுகிற மாதிரித்தான் கேட்கும். பிள்ளை திடுக்கிட்டு எழும்பிவிட்டாள். நீ கையைக் காட்டி என்னை நிறுத்தினாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்குச் சத்தம் இல்லை.

இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. சாப்பாட்டு மேசையில் விரித்து வைப்பேன். உன் மனிசன் ரமணன் வாசிக்கட்டும். திரியாயிலிருந்து உன் மாமியார் வரும்போது அவவும் வாசிக்கட்டும். நான் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று மட்டும் ஒருவரும் நினைக்க வேண்டாம். பெயர் வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஏன் வைத்தேன் என்று சொல்வேன். நீ ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்த அந்தக் கிழமைகள் உனக்கு நினைவில்லை. உன் பக்கமும் பிள்ளையின் பக்கமும் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான். சொல்லாமல் உன்னை விமானம் ஏற்றிவிட்டால், அங்கே தனி வீட்டில் இருந்துகொண்டு, நடக்காத ஒன்றை நடந்ததாக நினைத்து உன்னை நீயே அடித்துக்கொண்டிருப்பாய். அதற்கு நான் விட மாட்டேன்.

பிள்ளை பிறந்த அன்று காலை நீ கச்சேரி அலுவலகத்துக்கு வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றாய். கால்கள் வீங்கி உன் செருப்பு ஏறவில்லை. "உங்கட ரப்பர் செருப்பைத் தாங்கோ அப்பா, சீலைக்குள்ள ஆருக்குத் தெரியப்போகுது" என்று சிரித்தாய். அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாய். "அப்பா, சுவரெல்லாம் மின்னி மின்னித் தெரியுது. தலை வெடிக்குமாப் போல கிடக்கு." வயிற்றில் ஏழு மாதம் முடிந்து எட்டு தொடங்கியிருந்தது. ரமணன் வேலைக்காக டோகாவில். வீட்டில் நீயும் நானும்தான். உன்னைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுகட்டிலுக்கு மாற்றும்போது உனக்கு வலிப்பு வந்தது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன். இரத்த அழுத்தம் எல்லை கடந்துவிட்டது, பிள்ளையை உடனே எடுத்தால்தான் தாய் தப்புவாள் என்றார்கள். எடுத்தார்கள். ஒரு தாதி பச்சைத் துணியில் எதையோ நெஞ்சோடு அணைத்தபடி என்னைக் கடந்து ஓடினாள். ஏதோ மருந்துப் பொட்டலம் என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். அது என் பேத்தி.

பிறகு நீ ஒரு கட்டடத்தில், அவள் இன்னொரு கட்டடத்தில். உனக்கு இயந்திரம் மூச்சு விட்டது. அவளைக் குறைமாதப் பிள்ளைகளைப் பராமரிக்கிற பிரிவில், சூடு தருகிற கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பி.பி.யூ. என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் வெயில் காய்கிற ஒரு முற்றம். அந்த முற்றத்தில் எத்தனை தரம் நடந்தேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. பிள்ளைகளுக்குப் பொறுப்பான டொக்டர் உன் வயதை விடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண். என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுத் தானும் எதிரே இருந்து சொன்னா: "ஐயா, பிள்ளை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. நுரையீரல் இன்னும் முதிரேல்லை. நாங்கள் ஏலுமானது எல்லாம் செய்வம். ஆனா நீங்கள் மனசை எதுக்கும் தயார்ப்படுத்தி வையுங்கோ."

"எதுக்குத் தயார்ப்படுத்த வேணும் டொக்டர்?" என்று கேட்டேன். "ரெண்டு பேரையும் வீட்டை கூட்டிக்கொண்டு போறதுக்கோ? அதுக்கு நான் தயார். வேற ஒண்டுக்கும் தயாரில்லை."

அவ கோபிக்கவில்லை. "சரி ஐயா. அதுக்கே தயாரா இருங்கோ" என்றா.

வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். செத்த வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து, குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். நீ உப்பைக் குறைக்காதபடியால்தான் இப்படி என்றார் ஒருவர். வயிற்றுப் பிள்ளையோடு கச்சேரிக்கு ஓடினால் வேறு என்ன நடக்கும் என்றார் இன்னொருவர். டொக்டரிடம் போய்க் கேட்டேன். "இது கர்ப்பத்தில சிலபேருக்கு வாற ரத்த அழுத்த வருத்தம் ஐயா. ஆரும் செய்து வாறதில்லை. உங்கட மகள் ஒரு பிழையும் விடேல்லை" என்றா. இதை நீ எழுதி வைத்துக்கொள், மனதில். என் சிற்றப்பாவின் மகன் வந்தான். தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, "பெட்டைப் பிள்ளைதானே அண்ணை, நிரோஜா தப்பினா அடுத்ததைப் பாக்கலாம்" என்றான். கோப்பையை அவன் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன். வாசலைக் காட்டினேன். இன்றுவரை அவன் வரவில்லை. வரவும் வேண்டாம்.

எனக்கு இது புதிது அல்ல என்று உனக்குத் தெரியும். உன் அம்மா கண்மூடினபோதும் இதே ஆட்கள்தான். பொம்பிளைப் பிள்ளையைத் தகப்பன் தனியே வளர்க்க ஏலாது, மட்டக்களப்பில் இருக்கிற பெரியம்மாவிடம் விடு என்றார்கள். நீ ஆறாம் வகுப்பு. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அடுத்த நாள் காலை நான் உனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டேன். ஒன்று காதுக்கு மேலேயும் மற்றது கழுத்துக்குக் கீழேயுமாக நின்றது. படகில் கயிறு பின்னுகிறவனுக்கு மயிர் பின்ன வராதா என்று எனக்கு ஒரு வீறாப்பு. நீ கண்ணாடியைப் பார்த்தாய். அழப்போகிறாய் என்று நினைத்தேன். "பரவாயில்லை அப்பா, நல்லாக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போனாய். நீ அன்று போன மாதிரி எனக்குத் தெரிந்த மனிதர் ஒருவரும் போக மாட்டார்கள். அந்தப் பிள்ளையைத்தான் நீ இன்று மரக்கட்டை என்கிறாய்.

உன் மாமியார் செய்தி கேட்டவுடன் திரியாயிலிருந்து வந்துவிட்டா. அவவைப் பற்றி நீ மனதில் ஒன்று வைத்திருக்கிறாய், அதனால் இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்று பிள்ளையை ஒருமுறை பார்த்தா. இரண்டாம் முறை பார்க்கவில்லை. "எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது அண்ணை" என்றா. "ஏழில பிறந்திருந்தா வேற கதை. எட்டு தங்காது. ஆருக்கும் சொல்லாதைங்கோ. பேர் கீர் வைச்சுப் போடாதைங்கோ. பேர் வைச்சா நெஞ்சில ஒட்டிப் போடும்." டொக்டரிடம் இதையும் கேட்டேன். வயிற்றில் இருக்கிற ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு லாபம்தான், ஏழாம் மாதத்தை விட எட்டாம் மாதம் நல்லது, பிள்ளைக்கு எங்கள் பஞ்சாங்கம் தெரியாது என்று சிரித்தா. அந்தச் சிரிப்பை நம்பினேன். ஆனால் பெயர் விசயத்தில் மட்டும் உன் மாமியாரின் சொல் எனக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது. "நிரோஜா பேபி" என்றுதான் பெட்டியில் ஒட்டியிருந்தார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சில நாளில் டொக்டர் எங்களைக் கூப்பிட்டா. பிள்ளை கொஞ்சம் நிலைக்கு வந்திருக்கிறாள், இனி ஒரு ஆளின் வெறும் நெஞ்சோடு நெஞ்சாக அவளை வைத்திருந்தால் சூடும் மூச்சும் சீராகும், கங்காரு தன் குட்டியை வைத்திருக்கிற மாதிரி, வழக்கமாகத் தாய்தான் வைத்திருப்பது, தாய்க்கு இப்போது ஏலாதபடியால் குடும்பத்தில் ஒருவர் வேண்டும் என்றா. உன் மாமியாரைப் பார்த்தா. உன் மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினா. "எனக்கு ஏலாது டொக்டர். என்னைக் கேக்காதைங்கோ." அப்படியே எழும்பி வெளியே போய்விட்டா.

"நான் இருக்கிறன்" என்றேன்.

பொறுப்புச் சிஸ்டர் ஒரு சிங்களப் பெண். நல்ல தமிழ் கதைப்பா, இழுத்து இழுத்து. "ஐயா, உள்ளே எல்லாம் அம்மாமார். பால் எடுக்கிறாங்க. ஆம்பிளை ஆள் வந்து சேட்டைக் கழட்டி வெறும் மேலோட இருந்தா எப்படி?" என்று கேட்டா. கேட்டதில் பிழை இல்லை. எனக்குத்தான் பொறுமை இல்லை. அந்தக் குரலைத் திறந்தேன். "அவளுக்குத் தாயின்ர நெஞ்சு இல்லை, தகப்பன்ர நெஞ்சு இல்லை, இருக்கிறது இந்தக் கிழட்டு நெஞ்சு ஒண்டுதான். இதையும் வேண்டாம் எண்டுறீங்களோ?" உள்ளே ஏதோ ஒரு பெட்டியில் பிள்ளை துள்ளியது கண்ணாடியால் தெரிந்தது. சிஸ்டர் விரலை உதட்டில் வைத்தா. "வேண்டாம் எண்டு சொல்லல்ல. எப்படி எண்டுதான் கேட்டேன். இங்க சத்தம் போட்டா இந்தப் பிள்ளைகளுக்கு நோகும்." வெட்கமாகிவிட்டது. அவவே ஒரு மூலையில் திரை இழுத்துக் கட்டித் தந்தா. என் நகங்களைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினா. எஞ்சின் எண்ணெய் ஏறிய நகங்கள். ஒட்ட வெட்டி, முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, தேய்த்து, தோல் சிவக்கிற மட்டும் தேய்த்துக்கொண்டு வந்த பிறகுதான் உள்ளே விட்டா.

திரைக்குப் பக்கத்துக் கதிரையில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தாய் இருந்தாள். ஹசீனா. அவளுடைய மகனும் குறைமாதம், நம்முடைய பிள்ளையை விடவும் சிறியவன். நான் சேட்டைக் கழற்றுவதற்குத் தயங்கிக்கொண்டு நிற்க, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "வெக்கப்படாதீங்க ஐயா. இந்த அறைக்குள்ள ஆருக்கும் ஆரையும் பாக்க நேரமில்ல. எல்லாருக்கும் அவங்கவங்கட மெசினப் பாக்கத்தான் கண் இருக்கு."

பிறகு அவளை என் நெஞ்சில் வைத்தார்கள், நிரோஜா. மூக்கில் காற்றுக் குழாய், வாயில் பால் போகிற நூல் மாதிரியான குழாய், காலில் சிவப்பாய் ஒளிரும் ஒரு சுற்று. தொப்பி மட்டும்தான் பிள்ளை மாதிரி இருந்தது. என் உள்ளங்கையால் மூடினால் முதுகு முழுவதும் மறைந்துவிட்டது. பாரம் என்று ஒன்று தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. அவள் அழுதாளாம். தாதி சொன்னா, "பாருங்கோ, அழுறா". எனக்குக் கேட்கவில்லை. எஞ்சின் சத்தம் தின்ற காதுகளுக்கு அந்த அழுகை எட்டவில்லை. ஆனால் நெஞ்சு எலும்பில் அது அதிர்ந்தது. எத்தனை எஞ்சின்களின் அதிர்வைக் கை வைத்துப் பார்த்து, எது நல்லது, எது கெட்டது என்று சொன்னவன் நான். இது நல்ல அதிர்வு. நிற்க மனமில்லாத எஞ்சின். அந்தக் கதிரையில் இருந்தபடியே எனக்கு விளங்கியது, இவளுக்கு எங்கள் எட்டாம் மாதக் கதை ஒன்றும் தெரியாது, தெரிந்தாலும் கேட்க மாட்டாள் என்று.

இப்போது நீ கேட்க வேண்டிய இடம் வருகிறது. நீ சும்மா கிடந்தாய் என்றாய் அல்லவா? மயக்கத்தில் இருந்த உன் மார்பிலிருந்து அங்கேயுள்ள தாதிமார் கையால் பால் எடுத்தார்கள். முதலில் ஒரு தேக்கரண்டிகூட இல்லை. மஞ்சள் நிறம், பிசுபிசுப்பு. "இது மருந்து ஐயா, இதைவிடப் பெரிய மருந்து எங்களிட்ட இல்லை" என்று ஊசிக்குழாயில் மூடித் தந்தார்கள். அதைத்தான் நான் முற்றம் கடந்து கொண்டுபோனேன். குழாய் வழியே ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று அவள் வயிற்றுக்குள் விட்டார்கள். உனக்கு மூச்சுவிட இயந்திரம் வேண்டியிருந்தது, சிறுநீரகம் சோர்ந்துபோயிருந்தது, உன் பெயரைக் கூப்பிட்டால் இமைகூட அசையவில்லை. அப்படிக் கிடந்தும் நீ உன் பிள்ளைக்குப் பால் கொடுத்தாய். நான் கொண்டுபோனவன் மட்டும். தூக்கினது நான் என்கிறாய். என் நெஞ்சில் என்ன இருந்தது, மயிரும் சூடும்தானே? அவள் உடம்பில் ஏறின ஒவ்வொரு இறாத்தல் நிறையும் உன்னுடையது.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மூச்சுவிட மறந்துவிடுவாள். குறைமாதப் பிள்ளைகள் அப்படித்தானாம். மணி அடிக்கும், முகம் சாம்பல் நிறமாகும், தாதி ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டிவிட்டால் திரும்ப விடுவாள். கோப்பியில் இருக்கிற சரக்கையே மருந்தாகக் கொடுத்தார்கள், மறதிக்கு. என் நெஞ்சில் இருக்கும்போது ஒருமுறை அப்படி வந்தது. தாதி அடுத்த பெட்டியில் ஹசீனாவின் மகனோடு நின்றா. நானே காலைச் சுண்டினேன். விடவில்லை. இன்னொருமுறை சுண்டினேன். "எடி, மூச்சை விடடி!" என்று எஞ்சின் அறைக் குரலில் கத்தினேன். அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. விட்டாள். சிஸ்டர் வந்து நின்றா. ஏசப் போகிறா என்று நினைத்தேன். "அடுத்த முறை மெல்லமாச் சொல்லுங்க ஐயா. அவளுக்குக் காது நல்லாக் கேக்குது" என்றா.

அதற்குப் பிறகு அவளுக்கு இரத்தத்தில் கிருமி வந்தது. வயிறு வீங்கியது. பாலை நிறுத்தினார்கள், என் நெஞ்சிலிருந்தும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்கள். டொக்டர் இந்த முறை தயாராக இருங்கோ என்று சொல்லவில்லை. "பாப்பம்" என்றா. அந்தச் சொல்லுக்கு நான் பயந்தேன். நீயும் அன்று மோசம். முற்றத்தின் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றேன், வெயிலில்.

ஹசீனாவின் மகன் அந்தக் கிழமைதான் போனான். மத்தியானம். அவளுடைய கையில் கொடுத்தார்கள். அவள் சத்தம் போட்டு அழவில்லை. குனிந்து அவன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தாள். பிறகு அவளுடைய மனிசன் பிள்ளையை வாங்கிக்கொண்டு வெளியே போக, அவள் என்னிடம் வந்தாள். அவள்தான் கேட்டாள்.

"உங்கட புள்ளைக்கு இன்னும் பேர் வெக்கல்லையா ஐயா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"வெச்சிருங்க. எனக்கும் சொன்னாங்க, பொறுத்துப் பாத்து வை எண்டு. நான் கேக்கல்ல. பிறந்த அண்டைக்கே யூசுப் எண்டு வெச்சிட்டன். அவன் இருந்த நேரமெல்லாம் யூசுப், யூசுப் எண்டு கூப்பிட்டன். கொஞ்சக் காலந்தான் இருந்தான். ஆனா ஆரோ ஒருத்தனா இருந்துட்டுப் போகல்ல. என்ட மகன் யூசுப்பா இருந்துட்டுத்தான் போறான்."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள். நான் மறுபடி முழங்கை வரை கழுவினேன். பெட்டியின் வட்டக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டு அவள் தலையைப் பிடித்தேன். அவள் பிழைப்பாள் என்று தெரிந்து பெயர் வைக்கவில்லை, நிரோஜா. அதைத்தான் நீ விளங்க வேண்டும். அவள் பிழைக்காமல் போகலாம் என்று தெரிந்துதான் வைத்தேன். ஒட்டினால் ஒட்டட்டும், நெஞ்சு கிழிந்தால் கிழியட்டும், என் மகளின் பிள்ளை பெயரில்லாமல் ஒரு பெட்டிக்குள் கிடக்க மாட்டாள் என்று வைத்தேன். நீயும் ரமணனும் போனில் கதைத்து அக்ஷயா என்று நினைத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்க வழியில்லை. நீ எழும்பும் வரை காத்திருக்க அவளுக்கு நேரம் இருக்கிறதா என்றும் தெரியாது. வாயில் வந்தது மாதுமை. கோணேசர் கோயில் அம்மனின் பெயர். நான் கோயில் குளம் என்று திரிகிறவன் அல்ல. ஆனால் வெளிக்கடலில் கப்பலுக்குக் கயிறு கட்டப் போகும்போது கோயில் மலையைப் பார்த்து எங்கள் ஆட்கள் வாய்க்குள் சொல்கிற பெயர் அது. "மாதுமை" என்றேன். மெல்லமாகத்தான் சொன்னேன். சிஸ்டர் பின்னால் நின்றிருக்கிறா. ஒன்றும் கேட்காமல் பிளாஸ்டர் துண்டில் எழுதி ஒட்டினா.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த உன் மாமியாரிடம் போய்ச் சொன்னேன், சண்டைக்கு ஆயத்தமாகத்தான். "பேர் வைச்சிட்டன். மாதுமை." அவ சண்டை பிடிக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னா, "ரமணனுக்கு முதல் எனக்கு ஒண்டு பிறந்தது அண்ணை. அதுவும் எட்டில. மூன்று நாள் இருந்தது. பேர் வைக்க விடேல்லை. பேரில்லாமல்தான் மண்ணில தாட்டவை. இப்ப இருந்து அழுறதெண்டாலும் எந்தப் பேரைச் சொல்லி அழுறது?" ரமணனுக்கே இது தெரியாது. இந்தக் கடிதத்தில் இதை எழுதலாமா என்று அவவிடம் போனில் கேட்டேன். எழுதுங்கோ, அவன் தெரிஞ்சு கொள்ளட்டும் என்றா. பெயர் வைத்த அன்று பின்னேரம் அவ உள்ளே வந்தா. கை கழுவினா. பெட்டிக்குள் விரலை விட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டா. அதற்குப் பிறகு ஒரு நாளும் அவ அந்தக் கண்ணாடிக்கு வெளியே நிற்கவில்லை. நீ குணமாகி வீட்டுக்கு வந்தபோது, உன்னைக் கேட்காமல் எல்லாவற்றையும் எடுத்துச் செய்கிறா என்று உனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் இதையும் தெரிந்து வைத்துக்கொண்டு கோபி.

மருந்து பிடித்தது. வயிறு வாடியது. பாலை மறுபடி தொடங்கினார்கள். நீயும் கண் திறந்தாய், மூடினாய், திறந்தாய். ரமணன் ஒருவழியாக லீவு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். உன்னைச் சக்கர நாற்காலியில் வைத்து நானும் அவனும் முற்றத்தால் தள்ளிக்கொண்டு போனோம். அது உனக்குக் கனவு மாதிரி இருக்கிறது என்று சொல்கிறாய். கனவு இல்லை, நான் பக்கத்தில் நின்றேன். "எனக்குப் பயமாக் கிடக்கு அப்பா, நீங்களே வைச்சிருங்கோ" என்றாய். நான் கொடுக்கவில்லை, சிஸ்டர்தான் எடுத்து உன் நெஞ்சில் வைத்தா. என் நெஞ்சில் அவள் படுத்திருந்தது தவளை மாதிரி, வைத்தது வைத்த இடத்தில். உன் நெஞ்சில் வைத்தவுடன் அவள் தலையை எழுப்பினாள். கோழிக்குஞ்சுக் கழுத்து, ஆடி ஆடி விழுந்தது. திரும்ப எழுப்பினாள். மூக்கால் தேடிக்கொண்டு இடப்பக்கம் ஊர்ந்தாள். குழாயால் மட்டும் குடித்த பிள்ளை, முலையை ஒருநாளும் காணாத பிள்ளை, போக வேண்டிய இடத்துக்குத் தானே போனாள். எவ்வளவு நாள் என் மேல் படுத்திருந்தாள், ஒருநாளும் எதையும் தேடவில்லை. யார் தாய் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை, மகளே. உனக்குத்தான் இருக்கிறது.

பெயர் பதியப் போனது நீயும் ரமணனும். நான் வீட்டில் இருந்தேன். மாற்றியிருக்கலாம், ஒருவரும் கையைப் பிடிக்கவில்லை. மாதுமை என்று பதிந்துகொண்டு வந்தாய். ஏன் என்று என்னைக் கேட்காதே, உன்னைக் கேள்.

இனி நான் சொல்வதைக் கேள். டோகாவில் பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டரிடம் போகிற முதல் நாளே, இவள் குறைமாதத்தில் பிறந்தவள், பெட்டியில் இருந்தவள், இரத்தத்தில் கிருமி வந்தவள் என்று எல்லாவற்றையும் சொல். அங்கே ஒருவருக்கும் தெரிய வேண்டாம், பிறகு கலியாணம் பேசும்போது கதை வரும் என்று உன் காதில் ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதையை வெட்கமாக நினைக்கிற வீட்டுக்கு அவள் போகவே தேவையில்லை. கண்ணைப் பார்க்கச் சொன்னால் கண்ணைக் காட்டு, காதைப் பார்க்கச் சொன்னால் காதைக் காட்டு. அவள் பிந்தித்தான் எழும்பி இருந்தாள், பிந்தித்தான் தவழ்ந்தாள், பிந்தித்தான் நடப்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்து அளக்காதே. நாளைக்கு அவளுக்கு ஏதாவது குறை என்று டொக்டர்மார் கண்டுபிடித்தாலும், குறை என்பது அவள் உடம்பில் ஒரு பக்கம், அவள் அல்ல. அவளுக்கு விளங்குகிற வயது வந்ததும் யூசுப்பைப் பற்றியும் சொல். தன்னோடு அந்த அறையில் இருந்தவன், அவனுடைய தாய் சொல்லித்தான் தனக்குப் பெயர் வந்தது என்று அவள் தெரிந்திருக்க வேண்டும். பிழைத்த பிள்ளையின் தாய் என்று நீ பெருமைப்படுவதென்றால், பிழைக்காத பிள்ளையின் தாய்க்கு முன்னாலும் நிமிர்ந்து நிற்கக்கூடிய பெருமையாக அது இருக்கட்டும்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. வீடு வெறிச்சென்று கிடக்கும், கிடக்கட்டும். வெறிச்சென்ற வீட்டில் இருந்து பழகியவன் நான். நீங்கள் போக வேண்டும். தகப்பனும் தாயும் பிள்ளையும் ஒரு கூரைக்குக் கீழே இருக்கத்தானே இவ்வளவும். அப்பா தனிய என்று சொல்லிப் பயணத்தைப் பிற்போட நினைத்தால், பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வந்து விமான நிலைய வாசலில் வைப்பேன்.

நேற்றுப் பின்னேரம் நீ கடைக்குப் போயிருந்தபோது அவள் என் மடியில் இருந்தாள். வாய்க்குள், கீழ் முரசில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். பல். நீ இன்னும் காணவில்லை என்று நினைக்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடித்தாள். மெல்லமாக அல்ல, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இறுக்கி. வலித்தது. விரலை எடுக்கவில்லை.

"கடியடி" என்றேன். "இன்னும் இறுக்கிக் கடி."

அப்பா